பேசினுக்குள் ஓர் அணு

அந்தப் பட்டறையில் அவளுக்கு எலக்ட்ரான் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, அது அடையாள அட்டையோடு சரி. எரிந்துபோன ஃபேனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்கூட வாசலில் நின்று, "எலக்ட்ரான் அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். முதலாளி கிண்டலுக்கு வைத்த பெயர் அது. கிண்டல் எப்போதோ தேய்ந்துவிட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

முப்பத்தோரு வருஷமாக அவள் ஃபேன் மோட்டார்களுக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றுகிறாள். ஃபேனைப் பிரித்தால் நடுவில் அசையாமல் நிற்கும் ஓர் இரும்பு வட்டம் இருக்கும். அதற்கு ஸ்டேட்டர் என்று பெயர். சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் சின்னது, நல்ல கனம். அதன் பற்களுக்கு இடையில் எனாமல் பூசிய செம்புக் கம்பியைச் சுற்றி இறக்க வேண்டும். கம்பி தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். இழுத்துப் பிடித்தால் அறுந்துவிடும், தளரவிட்டால் பிதுங்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் கை ஓடும், வாய் எண்ணிக்கொண்டே இருக்கும். முடிந்ததும் வார்னிஷில் முக்கிக் காயவைப்பாள். அந்த வாசனை அவள் புடவையை விட்டு, கைப்பையை விட்டு, வீட்டுத் தலையணையை விட்டுக்கூடப் போனதில்லை. "நான் கல்யாணம் பண்ணினது ஒரு டப்பா வார்னிஷை" என்பார் அவள் புருஷன். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். அவர்மேல் டீசல் வாசனை. "ரெண்டு பேரும் ஒரு தீக்குச்சிக்குப் பயந்து குடும்பம் நடத்துறோம்" என்று அவளும் விடமாட்டாள்.

பட்டறையில் நாற்காலி, மேசை என்று பெரிதாக எதுவும் கிடையாது. தேறாமல்போன ஸ்டேட்டர்கள்தான் எல்லாவற்றுக்கும் கால். டீ டம்ளர் ஒரு ஸ்டேட்டர் மேல், ரேடியோ ஒரு ஸ்டேட்டர் மேல், நாள் முழுக்க நீட்டியே வைத்திருக்கும் முதலாளியின் வலது கால் இன்னொரு ஸ்டேட்டர் மேல். இதை யாரும் கவனிப்பதில்லை. தரை இருப்பதை யார் கவனிக்கிறார்கள்?

அவளுடைய சங்கதி பத்தாம் வகுப்பில் ஆரம்பித்தது. புத்தகத்தில் ஓர் அணுவின் படம். நடுவில் ஓர் உருண்டை, சுற்றிலும் கோடு, கோட்டில் ஓடுகிற புள்ளிகள். எழுந்து நின்று கேட்டாள்: "ஓடிக்கிட்டே இருந்தா களைச்சுப்போய் உள்ளே விழுந்துடாதா சார்?" வாத்தியார் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "அது பரீட்சைக்கு வராது. உக்காரு." உட்கார்ந்தாள். கேள்வி உட்காரவில்லை.

அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே புத்தகம். இவளைவிட இரண்டு வயசு சின்னவனான தம்பி, தன் வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டு இவள் பாடத்தைத்தான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தலைகீழாக வாசிப்பான். இவள் ஒரு கணக்குப் போட்டு முடிப்பதற்குள் குதித்துவிடுவான்: "தப்பு! அக்கா, தப்பு!" எங்கே தப்பு என்று அவன் காட்ட, இல்லை என்று இவள் மறுக்க, புத்தகத்தின் முதுகு கிழியும் வரை சண்டை நடக்கும். பாதி நாள் தப்பு அவன்மேல்தான் இருக்கும். அப்பா இறந்த வருஷம் யாராவது ஒருத்தர் வேலைக்குப் போயாக வேண்டியிருந்தது. மூத்தவள் போனாள், அவன் படித்தான். படித்து, இன்னும் படித்து, கடல் தாண்டி எங்கேயோ ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறான். படிக்கமுடியாமல் போனதில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை, அது பழைய கதை. அவளுடைய ஏக்கம் வேறு. எதிரே உட்கார்ந்து "தப்பு" என்று குதிக்க ஓர் ஆள் வேண்டும்.

ஒரு மத்தியானம், ஸ்டேட்டரில் சுற்றியதுபோக ஒரே ஒரு சுற்றுக் கம்பி கையில் மிஞ்சியது. விளையாட்டாக அதை பேட்டரியில் தொட்டாள். பக்கத்தில் கிடந்த திசைகாட்டி முள் துள்ளித் திரும்பியது. ஒரே ஒரு சுற்றுக்கு! அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எலக்ட்ரான் ஒரு காந்தம் என்று புத்தகமே சொல்கிறது. புள்ளி எப்படிக் காந்தமாகும்? காந்தம் வேண்டுமென்றால் மின்சாரம் வட்டமாகச் சுற்றியாக வேண்டும். இது அவள் தினமும் கையால் செய்கிற வேலை. அப்படியானால் எலக்ட்ரான் புள்ளியே இல்லை, வளையம். ஒற்றைச் சுற்றுக் காயில். அது அணுக்கருவைச் சுற்றி ஓடவே வேண்டாம். தன் இடத்தில் அப்படியே மிதந்துகொண்டிருக்கலாம். ஓடாதது எப்படிக் களைக்கும், எப்படி விழும்?

வாத்தியாரிடம் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் சொல்வதற்கு வாத்தியார் உயிரோடு இல்லை.

அப்புறம் நோட்டுகள். பழைய புத்தகக் கடையில் பொறுக்கிய பாடநூல்களை வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு நோட்டு என்று எழுதினாள். வளையத்தின் ஆரம், தலைமுடியின் பருமனில் இருபது கோடியில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டாள். முதல் நோட்டை உள்ளூர்க் கல்லூரிப் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பினாள். பத்தே நாளில் திரும்பி வந்தது. மேலே அழகான கையெழுத்தில், "மிக நன்று. தொடர்ந்து முயலுங்கள்." மகிழ்ச்சியோடு புரட்டினாள். வார்னிஷ் சொட்டுப் பட்டு ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பக்கங்கள் ஒட்டியபடியே இருந்தன. அன்றிலிருந்து "நன்று" என்ற சொல்லைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

அதற்கப்புறம் நோட்டுகள் தம்பிக்கு மட்டும் போயின. அந்த ஒட்டிய பக்கத்தைக்கூட அவள் பிரிக்கவில்லை, அப்படியே அனுப்பினாள். மொத்தம் ஆறு நோட்டு.

தம்பி ஞாயிற்றுக்கிழமை காலை தவறாமல் கூப்பிடுவான். ஒரு வாரத்துப் பயத்தை மொத்தமாகச் சேர்த்துவைத்து அரை மணியில் இறக்குவான். "பிரஷர் மாத்திரை போட்டியா? கேஸை மூடினியா? மாமா கண்ணு டெஸ்ட் பண்ணினாரா? குளியலறைத் தரை வழுக்குதுன்னியே, பாய் போட்டியா?" எல்லாவற்றுக்கும் "ஆச்சு, ஆச்சு" என்பாள்.

"நோட்டு வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. பாக்குறேன்."

"போன வருஷத்தது?"

"அதுவும்தான். பாக்குறேன். தரையில ஈரம் இல்லாம பாத்துக்கோ."

ஆறு வருஷமாக இந்தப் "பாக்குறேன்". போனை வைத்ததும் புருஷன் கேட்பார்: "என்னவாம் விஞ்ஞானி?"

"வழுக்குதாம்."

இந்தச் சமயத்தில்தான் பேசின் வந்தது. காகிதத்தில் எழுதுவது போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தையல் ஊசிகளைக் காந்தமாக்கினாள். ஒவ்வொன்றையும், ஒரே துருவம் மேலே இருக்கும்படி, ஒரு தக்கைத் துண்டில் செங்குத்தாகக் குத்தினாள். மின்சாரம் ஓடும் வளையம் ஒரு குட்டிக் காந்தம்தானே? ஆகவே ஊசி வளையத்துக்குப் பதிலாள். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைச் சமையலறை மேடைக்கு மேலே, அலமாரிக் கொக்கியில் தொங்கவிட்டாள். அது அணுக்கரு. கீழே பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர். ஊசிகள் ஒன்றை ஒன்று தள்ளும், மேலே உள்ள காந்தம் எல்லாவற்றையும் நடுவுக்கு இழுக்கும். இழுப்பும் தள்ளலும் சமாதானமாகிற இடத்தில் அவை தாமாகவே நிற்கும். பேசின் அடி கோணலாக இருந்ததால் ஆடியது. ஆடாமல் இருக்க, பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஒரு பழைய ஸ்டேட்டரைக் கீழே வைத்தாள். வேறெதை வைப்பாள்?

பதினெட்டு ஊசி போட்டாள். அவை கொஞ்சம் அலைந்தன, முட்டின, விலகின. பிறகு மெதுவாக, வகுப்புக்கு வந்த பிள்ளைகள் மாதிரி, தங்கள் இடத்தில் போய் நின்றன. நடுவில் இரண்டு. சுற்றி எட்டு. அதைச் சுற்றி இன்னொரு எட்டு.

இரண்டு, எட்டு, எட்டு. ஆர்கான் அணுவில் எலக்ட்ரான்கள் நிற்பதாகப் புத்தகம் சொல்கிற அதே வரிசை!

கலைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். அதே வரிசை. நாற்பது தடவை போட்டதில் முப்பத்தெட்டு தடவை அதேதான். அவள் கவனக்காரி. எதுவும் மாறிவிடக் கூடாதென்று பேசின் இருந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள், தண்ணீருக்கு அளவுக்கோடு போட்டாள், ஸ்டேட்டர் எந்தப் பக்கம் திரும்பி இருக்க வேண்டும் என்பதற்குக்கூட ஒரு புள்ளி வைத்தாள். புருஷன் தோசைக்கல்லுக்கு இடம் தேடி அலைந்தார். "உன் அணு எப்போ இடத்தைக் காலி பண்ணும்?"

"தம்பி வந்து பாக்குற வரைக்கும் அசையாது."

தம்பி வந்தான். எட்டு வருஷத்துக்கு அப்புறம், நாலே நாள். தலையில் பாதி நரை, பெட்டியில் பாதி மருந்து. முதல் நாள் உறவு, இரண்டாம் நாள் பல் வைத்தியர், மூன்றாம் நாள் மழை. வீட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் சமையலறைப் பக்கம் பார்த்தும் பார்க்காமலும் போனான். அவளும் கேட்கவில்லை. முதலில் யார் வாயைத் திறப்பது என்று இரண்டு பேருக்கும் வீம்பு. அப்படித்தான் அவளுக்குப் பட்டது. நாலாம் நாள் காலை, பெட்டியைக் கட்டி வாசலில் வைத்த பிறகு, தானாகவே வந்து மேடையருகே நின்றான்.

"காட்டுக்கா."

 தண்ணீர் ஊற்றினாள். அவன் குனிந்து பார்த்தான். பேசினின் விளிம்பைத் தடவினான், விரல் அப்படியே கீழே இறங்கி ஸ்டேட்டரின் பல்லைத் தொட்டது, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அவள் பதினெட்டு ஊசியையும் ஒவ்வொன்றாக விட்டாள். இரண்டு. எட்டு. எட்டு.  வெளியே டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான்.

"ரொம்ப நல்லா இருக்குக்கா" என்றான் தம்பி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "ரொம்ப நல்லா இருக்கு."

அவன் போன பிறகு இரண்டு நாள் அவள் தரையில் நடக்கவில்லை. பட்டறையில் எல்லாரிடமும் சொன்னாள். "பல்கலைக்கழகத்துலேயே ரொம்ப நல்லா இருக்குன்னுட்டாங்க" என்று முதலாளி ஒருபடி ஏற்றி, வந்த வாடிக்கையாளரிடமெல்லாம் சொன்னார். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, இனிப்பாகவும் இருந்தது. ஆனால் இனிப்புக்கு அடியில் ஏதோ நெருடியது. என்னவென்று தெரியவில்லை. செருப்புக்குள் மணல் மாதிரி.

மூன்றாம் நாள் ஒரு பழைய மாடல் ஃபேன் வந்தது. எரிந்த கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சுற்ற ஆரம்பித்தாள். உள்வட்டத்துக் காயில்கள் முதலில். வாய் தன்பாட்டில் எண்ணியது. "அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு." பிறகு வெளிவட்டம். "அஞ்சு, ஆறு, ஏழு..."

கை நின்றது.

மடியில் இருந்த ஸ்டேட்டரைப் பார்த்தாள். உள்வட்டத்தில் எட்டுப் பல், வெளிவட்டத்தில் எட்டு. முப்பத்தோரு வருஷம். எத்தனை ஆயிரம் தடவை. தம்பியின் விரல் கீழே இறங்கி, பல்லைத் தொட்டு நின்றது ஞாபகத்துக்கு வந்தது.

"முதலாளி, ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போயிட்டு வரேன்."

"ஒடம்பு சரியில்லையா?"

"அணு சரியில்ல."

வீட்டில் யாரும் இல்லை. பேசினைத் தூக்கினாள். ஸ்டேட்டரை எடுத்துத் தரையில் வைத்தாள். அது இருந்த இடத்தில், நகராமல் காத்த சுண்ணக்கோடு வட்டமாக நின்றது. மர முக்காலியை மேடைமேல் ஏற்றி, மடித்த துணி கொடுத்து, அதன்மேல் பேசினை வைத்தாள். பதினெட்டு ஊசியையும் விட்டாள். அவை அலைந்தன, முட்டின, விலகின. நடுவில் ஒன்று நின்றது. சுற்றி ஆறு. அதைச் சுற்றிப் பதினொன்று.

திரும்பப் போட்டாள். ஒன்று, ஆறு, பதினொன்று. பத்து ஊசி மட்டும் போட்டாள். ஒரு தடவை இரண்டும் எட்டும், அடுத்த தடவை மூன்றும் ஏழும். ஸ்டேட்டரை மறுபடி கீழே வைத்துப் பதினெட்டையும் விட்டாள். மிச்சம் இரண்டு நடுவில் ஒதுங்க, எட்டும் எட்டும் கைகட்டி வந்து நின்றன. ஊசிகள் அணுவைக் காட்டவில்லை. கீழே இருந்த இரும்புப் பற்கள் இழுத்த இழுப்புக்கு நின்றிருக்கின்றன. ஃபேனைத்தான் காட்டியிருக்கின்றன. அவள் தன் வேலையையே தண்ணீரில் மிதக்கவிட்டு, அதைப் பார்த்து அதிசயப்பட்டிருக்கிறாள்.

முதலில் சிரிப்பு வந்தது, சத்தியமாக. தனியாக நின்று சிரித்தாள். அப்புறம்தான் மற்றது உறைத்தது. தம்பி பார்த்துவிட்டான். பார்த்துவிட்டு "ரொம்ப நல்லா இருக்கு" என்றான். ஒட்டிய பக்கத்தோடு திருப்பி அனுப்பிய பேராசிரியர் மாதிரி. தன் மாணவன் ஒருத்தன் இப்படிச் செய்திருந்தால் விடுவானா? அணு போனதுகூடப் பெரிதில்லை. எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எப்போதோ எழுந்து போயிருக்கிறான், காலி இடத்தைப் பார்த்து ஆறு வருஷம் பேசியிருக்கிறோம் என்றல்லவா ஆகிறது?

போனை எடுத்தாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

முதல் மணியிலேயே எடுத்தான். "என்னாச்சுக்கா? மாமாவுக்கு என்ன? கீழே விழுந்துட்டியா? யார் கூட இருக்கா?"

"யாரும் விழல. நீ பாத்தியா இல்லையா?"

"எதை?"

"நடிக்காதே. பேசினுக்குக் கீழே."

 அந்தப் பக்கம் ஏதோ கதவு சாத்திக்கொண்டது.

"பாத்தேன்" என்றான்.

"எப்போ?"

"நீ தண்ணி ஊத்துறப்பவே."

"வாயில என்ன வெச்சிருந்தே? தப்புன்னு சொல்றதுக்கு என்ன? சின்ன வயசுல கத்துவியே, பக்கத்து வீடு வரைக்கும் கேக்குமே. நல்லா இருக்காம், ரொம்ப நல்லா இருக்காம்! நான் உன்கிட்ட நல்லா இருக்குன்னா கேட்டேன்? ஊரெல்லாம் சொல்லிட்டேன்டா, முட்டாளாட்டம்."

"டாக்சி நின்னுச்சுக்கா."

"ஆறு வருஷமாவா டாக்சி நின்னுச்சு?"

 அவன் மெதுவாகப் பேசினான். "தப்புன்னு ஒரு வரி எழுதினா அடுத்த வருஷம் நோட்டு வராதுன்னு பயம். இங்க எனக்குக் கையெழுத்தோட வர்ற தபால் அது ஒண்ணுதான். உறையைப் பிரிச்சா வார்னிஷ் வாசனை அடிக்கும். ரெண்டு நாள் அறை முழுக்க இருக்கும்."

 அதற்காக விட்டுவிட முடியுமா? "வாசனை பிடிக்கவா நான் எழுதுறேன்? படிச்சியா, இல்ல முகர்ந்துட்டு வெச்சுட்டியா?"

"முதல் நோட்டுல ரெண்டு பக்கம் ஒட்டியிருந்துச்சு" என்றான் தம்பி. "பதினாறும் பதினேழும். பிளேடு வெச்சுக் கீறிப் பிரிச்சேன். ஒரு மத்தியானம் பூரா ஆச்சு. ஒரே ஒரு வரி மட்டும் பிஞ்சு போச்சு. வளையத்துக்கு ஆரம் போடறியே, அதுக்கு முந்தின வரி. அங்க என்ன எழுதியிருந்தே? ஆறு வருஷமா யோசிக்கிறேன். எதை வெச்சு அந்த ஆரத்துக்கு வந்தேன்னு புரியல."

அவள் மேடையில் சாய்ந்துகொண்டாள். பேசினில் பதினெட்டு ஊசியும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

"வளையத்துல மின்சாரம் ஒளியோட வேகத்துல சுத்துதுன்னு வெச்சுக்கிட்டேன்" என்றாள். "காந்தத்தோட பலம் எவ்வளவுன்னு புஸ்தகத்துல இருக்கு. அப்போ ஆரம் தன்னால வந்துடுது."

"அதானே! அதை வெச்சுக்கிட்டா அந்த ஆரம் வரும்தான்." குரல் மாறிவிட்டிருந்தது. பாயும் மாத்திரையும் அதில் இல்லை. "ஆனா தப்பு, அக்கா."

"எங்கே தப்பு?"

"அவ்வளவு பெரிய வளையமா இருந்தா, மோதிப் பாக்குறப்போ தெரிஞ்சிருக்கணும். எலக்ட்ரானை மோதவிட்டு, நீ சொல்ற ஆரத்தைவிட லட்சம் மடங்கு கிட்டப் போயாச்சு. வளையமே காணோம்."

"காணோம்னா இல்லேன்னு அர்த்தமா? மோதுறப்போ சுருங்கிக்கிட்டா?"

"எதுக்குச் சுருங்கும்? யார் சுருக்குறது?"

"உனக்குத் தெரியாதுன்னு சொல்லு."

"எனக்குத் தெரியாதுதான். ஆனா நீ சொல்றதும் தப்பு. இரு, நோட்டை எடுத்துட்டு வரேன். வெச்சிடாதே!"

வாசலில் பஸ் சாவியைச் சுழற்றிக்கொண்டு புருஷன் உள்ளே வந்தார். தரையில் கிடந்த ஸ்டேட்டரில் கால் இடறி, "ஐயோ, அணுவைக் காலி பண்ணிட்டியா?" என்றார். பிறகுதான் அவள் முகத்தையும் காதில் இருந்த போனையும் பார்த்தார். "யாரு? செவ்வாய்க்கிழமையில? என்ன ஆச்சு, சண்டையா?"

"சண்டைதான்" என்று போனைக் கையால் மூடிக்கொண்டு சொன்னாள். "அந்தக் கதவைச் சாத்துங்க. பட்டறைக்கு போன் பண்ணி, இன்னிக்கு நான் வரலேன்னு சொல்லிடுங்க."

அலமாரியிலிருந்து ஏழாவது நோட்டை எடுத்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஸ்டேட்டரை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் அவன் பக்கங்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.